நான்கு வாரம், இரண்டு பேர், ஒரு பாய்மரப் படகு: பிரிட்டிஷ் கொலம்பியக் கரையோரத்தில் எவ்வளவு தூரம் போகலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். கனடாவின் வான்கூவரில் 32 அடிப் பாய்மரப் படகு இருக்கிறது. கணவன் மனைவி இருவரும் இரண்டு கோடைகள் பக்கத்திலுள்ள கல்ஃப் தீவுகளுக்குள் ஓட்டிப் பழகியிருக்கிறீர்கள். ஜூலை நடுவிலிருந்து நான்கு வாரம் விடுப்பு. தீவுகளுக்கு உட்புறமாகச் செல்லும் உள்வழிப் பாதையாகப் பிரின்ஸ் ரூப்பர்ட் வரை போய், அங்கிருந்து குட்ஸீமட்டீன் கரடிச் சரணாலயத்தையும் பார்த்துத் திரும்ப முடியுமா? வழியில் ஓர்கா, ஹம்பேக் திமிங்கிலம், கிரிஸ்லி கரடி மூன்றும் கண்ணில் படுமா? நாயைக் கூட்டிப் போகலாமா? கேள்வி தூரத்தைப் பற்றியதாகத் தோன்றுகிறது. ஆனால் நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது, கையில் இருக்கும் 28 நாளை எந்த நீர்ப்பரப்பில் செலவிட்டால் விலங்குகள் அதிகம் தென்படும், அந்த நீர்ப்பரப்பை இரண்டே பேர் பாதுகாப்பாகச் சமாளிக்க முடியுமா என்பதைத்தான். அதற்கே பதில் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. வான்கூவரிலிருந்து பிரின்ஸ் ரூப்பர்ட் உள்வழியாகச் சுமார் 500 கடல்மைல். போய்வர 1,000. அதை 28 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 36 கடல்மைல், அதாவது ஒரு நாளும் நிற்காமல் தினமும் ஆறேழு மணி நேர ஓட்டம். காற்றுக்காகக் காத்திருக்கும் நாள், மூடுபனி நாள், பழுது பார்க்கும் நாள், கைகால் ஓய்ந்து தூங்கும் நாள் எதற்கும் அதில் இடமில்லை. அப்படி ஓடினால் விலங்குகளைக் கடந்து போவீர்களே தவிரப் பார்க்க மாட்டீர்கள். விடுப்பு முடியப் போகிறது என்பதற்காகக் கெட்ட காற்றில் கிளம்புவதுதான் இந்தக் கரையில் பழகியவர்களையும் சிக்கலில் மாட்டிவிடும் முதல் காரணம். ஆகவே பிரின்ஸ் ரூப்பர்ட் இந்த முறை வேண்டாம். பத்து வாரம் கிடைக்கும் ஆண்டில், மே மாதமே கிளம்பிப் போக வேண்டிய ஊர் அது.

என் யோசனை இதுதான். சன்ஷைன் கரையோரமாக கிப்சன்ஸ், பெண்டர் ஹார்பர், லண்ட் என்று ஏறி டெசலேஷன் சவுண்ட். அங்கிருந்து தீவுகளுக்கு இடையேயான பின்வழியில் ஜான்ஸ்டன் ஜலசந்தியின் மேல்பகுதி. எட்டு ஒன்பது நாளில் அங்கே சேர்ந்துவிடலாம். பிறகு பன்னிரண்டு நாள் முழுவதும் பிளாக்ஃபிஷ் சவுண்ட், ஹான்சன் தீவு, அலெர்ட் பே, பிராட்டன் தீவுக்கூட்டம் என்ற சிறிய வட்டத்துக்குள்ளேயே இருங்கள். ஐந்தாறு நாளில் ஜான்ஸ்டன் ஜலசந்தி வழியாக நேராக இறங்கலாம். சுற்றித் திரிவதையும் சேர்த்து 400 முதல் 450 கடல்மைல். மிச்ச நாட்களை வானிலைக்கென்று ஒதுக்குங்கள். அவற்றைத் திட்டம் போட்டு நிரப்பாதீர்கள்.

இந்தப் பாதையில் நேரத்தைத் தீர்மானிப்பது காற்றல்ல, நீரோட்டம். வான்கூவர் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே கடல் இரண்டு முனைகளிலிருந்தும் ஏறி இறங்குகிறது. ஏற்றத்தின்போது ஜார்ஜியா ஜலசந்தியில் நீர் வடக்கு நோக்கி ஓடும். ஜான்ஸ்டன், டிஸ்கவரி வழிகளில் அதே ஏற்றம் தெற்கு நோக்கி ஓடும். இரண்டும் மிட்லெனாச் தீவு, டெசலேஷன் சவுண்ட் பக்கமாகச் சந்திக்கின்றன. ஓட்டம் அங்கே மந்தமாக இருப்பதால்தான் டெசலேஷன் சவுண்டில் கோடையில் நீர் 20 டிகிரியைத் தாண்டுகிறது. அதற்கு மேலே இடுக்குகளில் நிலைமை வேறு. சீமோர் நேரோஸில் ஓட்டம் 15 நாட், அதாவது மணிக்கு 15 கடல்மைல், வரை போகும். அதன் நடுவே இருந்த ரிப்பிள் பாறை பல கப்பல்களையும் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களையும் கொண்டுபோன பிறகு, 1958 ஏப்ரல் 5 அன்று வெடிவைத்து அதன் உச்சியைத் தகர்த்தார்கள். பாறை போனது, ஓட்டம் போகவில்லை. உங்கள் படகு இயந்திரத்தில் ஐந்தரை நாட் ஓடும். ஆகவே எதிர்த்துப் போவது என்ற பேச்சே இல்லை. கூடவே போவதும் ஆபத்துதான், சுழல்கள் சுக்கானைப் பிடுங்கிக்கொள்ளும். ஓட்டம் திசை மாறுமுன் சில நிமிடம் அடங்கும். அந்த அடங்கல்தான் உங்களுக்குத் திறக்கும் கதவு.

இங்கே புதியவர்கள் செய்யும் பிழைகள் இரண்டு. ஓத அட்டவணையில் உயர்நீர், தாழ்நீர் நேரத்தைப் பார்த்துவிட்டு அதுதான் அடங்கல் என்று எண்ணிக்கொள்வது முதலாவது. அவை ஒன்றல்ல. இடுக்குகளில் இரண்டுக்கும் இடையே மணிக்கணக்கில் வித்தியாசம் வரலாம். நீரோட்ட அட்டவணை தனியாக இருக்கிறது, அதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டாவது, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் கோடைகால நேரம். கையில் உள்ள அட்டவணையிலோ செயலியிலோ அந்த ஒரு மணி நேரம் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதை முதல் பக்கத்திலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு மணி நேரம் தவறினால் அமைதியான நீருக்குப் பதில் ஆறேழு நாட் ஓட்டத்தில் போய் நிற்பீர்கள். ஏறும்போது பின்வழியில் யுகல்டா, கில்லார்ட், டென்ட் என்று மூன்று இடுக்குகள் அடுத்தடுத்து வரும். உயர்நீர் அடங்கலுக்கு அரை மணி முன்னதாகவே முதல் இடுக்கின் வாயில் போய்க் காத்திருந்து, மூன்றையும் ஒரே மூச்சில் கடந்துவிட வேண்டும். பிறகு வரும் வற்றம் (நீர் இறங்கும் ஓட்டம்) உங்களை வடமேற்காகக் கொண்டுபோகும். அதற்கப்பால் கிரீன் பாயின்ட், வேர்ல்பூல் இரண்டும் சற்றுச் சாது; அவற்றுக்கும் இதே ஒழுங்குதான். திரும்பும்போது சீமோருக்குத் தாழ்நீர் அடங்கலில் வந்து சேருங்கள். அடுத்த ஏற்றம் தெற்கே தள்ளிவிடும். ஆனால் தென்கிழக்குக் காற்று பலமாக வீசும் நாளில் அந்த ஏற்றம் மட்ஜ் முனையில் காற்றோடு மோதி அலையைச் செங்குத்தாக எழுப்பும். அன்றைக்கு கேம்பல் ரிவர் ஊரிலேயே படகைக் கட்டிப் போடுங்கள்.

அடுத்தது ஜான்ஸ்டன் ஜலசந்தியின் காற்று. வெயில் நன்றாக அடிக்கும் நாட்களில்தான் இங்கே கடல் மோசமாகும். இதை நம்ப ஒருமுறை பார்க்க வேண்டும். பசிபிக்கில் உயரழுத்தம், உள்நாட்டில் சூடேறிய தாழ்வழுத்தம். இடையே காற்று வடமேற்கிலிருந்து பாய்கிறது. இருபுறமும் மலை நெருக்கும் நீளமான ஜலசந்தி அதைப் புனலைப்போல இன்னும் விரைவாக்குகிறது. பிற்பகலில் 25, 30 நாட் என்பது சாதாரணம். அந்த நேரம் வற்றமும் ஓடினால் நீர் காற்றுக்கு எதிராகப் போகும். உயரம் ஒன்றரை மீட்டர்தான் என்றாலும், இடைவெளியே இல்லாத சுவர்களாக அலை எழும். 32 அடிப் படகு ஒவ்வொன்றிலும் அணியத்தை, அதாவது முன்முனையை, குத்திக் குத்தி நின்றுவிடும். இதற்கு வழி, கிழக்கு வெளுத்ததுமே நங்கூரம் எடுத்து நண்பகலுக்குள் துறை சேர்வது. பின்வழியைச் சொன்னதும் இதற்காகத்தான்: அதில் போனால் ஏறும்போது திறந்த ஜலசந்தியில் இருப்பது 12 கடல்மைல் அளவுதான். இறங்கும்போது அதே வடமேற்குக் காற்று முதுகில் வரும். ஏற்ற நேரத்தையும் பார்த்துக் கிளம்பினால் காற்றும் ஓட்டமும் ஒரே திசையில் இருக்கும். கடல் தணிந்து கிடக்கும். பயணத்தின் மிக நல்ல பாய் ஓட்டம் அப்போதுதான் கிடைக்கும். போகும் வழியில் பாய் விரிக்க வாய்ப்புக் குறைவு என்பதை இப்போதே ஏற்றுக்கொள்ளுங்கள். மூன்றில் இரண்டு பங்கு இயந்திரத்தில்தான் போகும்.

பிராட்டனில் சில நாள் கழித்து, ஏழெட்டு நாள் மிச்சமிருந்து, வானிலையும் ஒத்துழைத்தால் காஷன் முனையைத் தாண்டி கால்வர்ட் தீவு வரை போய்வரலாமா என்ற ஆசை வரும். போகலாம், ஆனால் அதைத் திட்டமாக வைக்க வேண்டாம். 1792இல் கடலாய்வாளர் ஜார்ஜ் வான்கூவரின் டிஸ்கவரி கப்பல் அந்த நீரில் பாறையில் ஏறி நின்றது. மறுவருடம் அவரே அந்த முனைக்கு எச்சரிக்கை என்று பொருள்படும் பெயரை வைத்தார். அங்கே சுமார் 40 கடல்மைலுக்குப் பசிபிக்கின் முழு அலையும் குறுக்கே எதுவுமில்லாமல் வந்து சேரும். வெஸ்ட் சீ ஆட்டர் மிதவையின் அலை உயரம், பைன் தீவு, எக் தீவு கலங்கரை விளக்கங்களின் காலை அறிக்கை ஆகியவற்றை வானொலியில் கேளுங்கள். அலை ஒன்றரை மீட்டருக்குள், காற்று 15 நாட்டுக்குள், அடுத்த 24 மணி நேர முன்னறிவிப்பும் அப்படியே இருந்தால் விடியலில் கிளம்பலாம். ஸ்லிங்ஸ்பி கால்வாயிலிருந்து வற்றம் வெளியே பாயும் நேரத்தில் அதன் வாய்க்கு அருகே போகாதீர்கள். முன்பே உங்கள் காப்பீட்டுப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். பலவற்றில் வடக்கெல்லை குறிக்கப்பட்டிருக்கும்.

இனி நீங்கள் ஆவலோடு கேட்ட விஷயம். ஓர்காவைப் பார்க்க இந்தக் கரையில் இதைவிட நல்ல காலமும் இடமும் சொல்வது கடினம். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை, சினூக் சால்மன் ஜான்ஸ்டன் ஜலசந்தியில் இறங்கும்போது வடக்கு ரெசிடென்ட் ஓர்காக்களும் கூடவே வருகின்றன. இவை 300க்கு மேல் இருக்கின்றன; தெற்கே இருக்கும் உறவுக்கூட்டமோ எழுபது சொச்சம்தான். இவை மீன் மட்டுமே உண்பவை; தாய்வழிக் குடும்பமாகவே வாழ்நாள் முழுக்கச் சேர்ந்திருக்கும்; ஓயாமல் ஒலி எழுப்பும். இதே நீரில் பிக்ஸ் ஓர்கா என்ற இன்னொரு இனமும் திரிகிறது. அது கடல்நாய், கடற்சிங்கம், டால்ஃபினைப் போன்ற போர்பஸ் ஆகியவற்றை வேட்டையாடும். இரைக்குக் காது கூர்மை என்பதால் வேட்டையின்போது ஒலியே எழுப்பாது. நான்கைந்து ஓர்கா கரையை ஒட்டியே, மூச்சு விடும் இடம் முன்கூட்டிப் பிடிபடாமல், நீண்ட நேரம் முங்கி முங்கிப் போனால் பெரும்பாலும் பிக்ஸ்தான். முதுகுத்துடுப்பின் நுனி அதில் கூர்மையாக இருக்கும். ரெசிடென்டில் சற்று உருண்டிருக்கும். வளர்ந்த ஆணின் துடுப்பு 1.8 மீட்டர் வரை எழும்புவதால் வெகு தூரத்திலேயே தெரியும். சிறிய நீரடி ஒலிவாங்கி ஒன்று வாங்கிவிடுங்கள். இயந்திரத்தை நிறுத்தி, படகை மிதக்கவிட்டு அதைப் பத்து மீட்டர் இறக்கினால், கண்ணுக்குத் தெரியுமுன் குடும்பம் பேசிக்கொண்டு வருவது கேட்கும். இருநோக்கி 7x50 போதும். அதைவிடப் பெருக்குவது ஆடும் படகில் பயன்படாது.

ராப்சன் பைட் என்ற இடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே கரையோரக் கூழாங்கல் தரையில் ஓர்காக்கள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள வருகின்றன. 1982 முதல் அது சூழலியல் காப்பிடம். முதுகுத் துடுப்பையும் அதன் பின்னுள்ள சாம்பல் நிறச் சேணப் புள்ளியையும் படம்பிடித்து ஒவ்வொரு ஓர்காவையும் தனித்தனியாக அடையாளம் காணும் முறையை 1970களில் தொடங்கிய மைக்கேல் பிக்கின் பெயரை இன்று தாங்கியிருக்கிறது. படகுகள் உள்ளே போகக்கூடாது. வரைபடத்தில் அதன் எல்லையை முன்கூட்டியே குறித்துவைத்து, ஜலசந்தியின் எதிர்க்கரையை ஒட்டியே தாண்டிவிடுங்கள்.

ஹம்பேக் திமிங்கிலம் நிச்சயம் தென்படும். இதை மட்டும் ஏறக்குறைய உறுதியாகவே சொல்லலாம். வான்கூவர் தீவின் கோல் ஹார்பர் திமிங்கில நிலையம் 1967இல் மூடும் வரை இவற்றைக் கொன்று ஏறக்குறைய இல்லாமல் ஆக்கியிருந்தார்கள். இப்போது பிளாக்ஃபிஷ் சவுண்டில் காலையில் நங்கூரத்தில் இருந்தபடியே மூச்சொலி கேட்கும் அளவுக்குத் திரும்பி வந்திருக்கின்றன. சில ஹம்பேக்குகள் வாயை அகலத் திறந்து நீர்மட்டத்தில் அசையாமல் நிற்கும். பறவைகளுக்குப் பயந்த குட்டி ஹெர்ரிங் மீன்கள் நிழலென்று எண்ணி அந்த வாய்க்குள் ஒதுங்கும். 2011இல் இதே பகுதியில்தான் இந்த முறையை முதன்முதலாகப் பதிவு செய்தார்கள்.

ஆனால் உங்கள் படகுக்கு உண்மையான ஆபத்தும் ஹம்பேக்கிடமிருந்துதான். ஓர்காவுக்கு எதிரொலியால் சுற்றத்தை உணரும் ஆற்றல் உண்டு, ஹம்பேக்குக்கு இல்லை. பாயில் சத்தமின்றி வரும் படகு தலைக்கு மேல் இருப்பதே அதற்குத் தெரியாமல் போகலாம். முங்கினால் ஐந்து முதல் பத்து நிமிடம் வரை எங்கே எழும் என்று யாராலும் கணிக்க முடியாது. பறவைக் கூட்டம் ஒரே இடத்தில் நீரில் விழுந்து விழுந்து கொத்தினால் அதன் கீழே ஹெர்ரிங் பந்து இருக்கிறது என்று பொருள். அடுத்த நொடி அதன் நடுவே ஒரு வாய் மேலே வரலாம். ஆகவே பறவைக் கூட்டத்தை ஊடுருவாதீர்கள். மூச்சு ஒன்றைப் பார்த்ததும் வேகத்தைக் குறையுங்கள். பாயில் இருந்தால் இயந்திரத்தைத் தூண்டி நியூட்ரலில் ஓடவிடுங்கள். நீங்கள் இருப்பது அதற்குக் கேட்கட்டும்.

சட்டப்படி விலகியிருக்க வேண்டிய தூரம், கனடாவின் பசிபிக் கரையில் ஓர்காவுக்கு 200 மீட்டர், மற்றத் திமிங்கிலம், டால்ஃபின், போர்பஸுக்கு 100 மீட்டர். கன்றோடு இருந்தாலோ ஓய்வில் இருந்தாலோ 200. தெற்கே, கேம்பல் ரிவருக்குக் கீழே, அருகிவரும் தெற்கு ரெசிடென்டுகளுக்காக எல்லா ஓர்காவுக்கும் எல்லை 400 மீட்டராக இருந்துவந்திருக்கிறது. அந்த ஆணை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. எண் கூடலாம், கிளம்பும் வாரம் பாருங்கள். வாஷிங்டன் மாநில நீருக்குள் போனால் தெற்கு ரெசிடென்டுகளுக்கு 2025 ஜனவரி முதல் 1,000 கஜம். சட்டத்துக்கு அப்பால் ஒழுங்கு ஒன்று இருக்கிறது: 1,000 மீட்டருக்குள் ஓர்கா இருந்தால் 7 நாட்டுக்குக் குறையுங்கள், ஆழம் பார்க்கத் தேவைப்படாத இடத்தில் ஆழம் அளக்கும் எதிரொலிமானியை அணையுங்கள். அது போகும் வழியை ஊகித்து முன்னே போய்க் காத்திருக்காதீர்கள். பக்கவாட்டில், அதே திசையில் போங்கள். அவையே நெருங்கி வந்தால் நியூட்ரலில் போட்டு, கடந்து போகும் வரை சும்மா இருங்கள். இதனால் நீங்கள் இழப்பது எதுவுமில்லை. துரத்தப்படாத ஓர்காக் கூட்டம் ஒரு விரிகுடாவில் மணிக்கணக்கில் சுற்றும். துரத்தினால் பத்து நிமிடத்தில் போய்விடும்.

கிரிஸ்லியைப் பற்றி நம்பிக்கை அவ்வளவாகத் தர முடியாது. அவை கழிமுகங்களில் எளிதாகத் தெரியும் காலம் இரண்டு. மே, ஜூனில் கோரைப்புல் மேய வரும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை சால்மன் ஏறும்போது ஆற்றோரம் கூடும். உங்கள் நாட்கள் இரண்டுக்கும் நடுவில் விழுகின்றன. புல் முற்றிவிட்டது, மீன் இன்னும் ஆற்றுக்குள் வரவில்லை. கரடி காட்டுக்குள் பழம் தேடிக்கொண்டிருக்கும். தாழ்நீரின்போது கற்களைப் புரட்டி நண்டும் மட்டியும் தின்ன வருவதுண்டு. ஆகவே விடியலிலோ அந்தியிலோ தாழ்நீர் வரும் நாளைப் பார்த்து, நைட் இன்லெட் என்ற நீண்ட கடற்கழியின் பக்கக் கழிமுகங்களில் படகிலிருந்தபடியே கரையை இருநோக்கியால் வருடுங்கள். 100 மீட்டருக்குள் போகாதீர்கள். டிங்கி என்ற சிறு துணைப்படகில் கழிமுகத்துக்குள் துடுப்பு போட்டுப் போக வேண்டாம். நீர் வற்றினால் சேற்றில் நிற்பீர்கள். போர்ட் மெக்நீல், டெலிகிராஃப் கோவ் பக்கமிருந்து வழிகாட்டிகளோடு ஒருநாள் கரடிப் படகுகள் போகின்றன. ஒரு நாளும் கொஞ்சம் பணமும் அதற்கு ஒதுக்குவதே சிறந்தது என்பது என் எண்ணம். எந்தக் கழிமுகத்தில் நேற்று எந்தத் தாய்க்கரடி இருந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

நங்கூரம் போடுவதில் கல்ஃப் தீவுப் பழக்கம் போதாது. இங்கே மலை அப்படியே கடலுக்குள் இறங்குகிறது. கரையிலிருந்து ஐம்பது மீட்டரில் ஆழம் 20 மீட்டர் இருக்கும். 15 கிலோவுக்குக் குறையாத நங்கூரம், 60 மீட்டர் சங்கிலி, அதன் பின் இன்னொரு 60 மீட்டர் கயிறு வேண்டும். கணக்கை எப்போதும் உயர்நீருக்குப் போடுங்கள். மாலையில் ஓத உயரம் 1.2 மீட்டராக இருக்கும்போது 8 மீட்டர் ஆழத்தில் போடுகிறீர்கள், இரவில் ஓதம் 5 மீட்டருக்கு ஏறும் என்றால், நள்ளிரவு ஆழம் 11.8, அணியம் நீருக்கு மேல் இருக்கும் 1.2ஐயும் கூட்டினால் 13. சங்கிலியானால் அதன் நான்கு மடங்கு, 52 மீட்டர் விட வேண்டும். கயிறும் கலந்திருந்தால் ஐந்து மடங்கு, 65. மாலை 8 மீட்டரை மட்டும் பார்த்து 30 மீட்டர் விட்டவர்களின் நங்கூரம் இரவு இரண்டு மணிக்கு இழுபடும். டெசலேஷன் சவுண்டில் இடம் குறுகல். பின்பக்கத்தைக் கரை மரத்தில் கட்ட 150 மீட்டர் மிதக்கும் கயிறு தேவை. அதை மரத்தைச் சுற்றிப் படகுக்கே திரும்பக் கொண்டுவந்து கட்டினால், காலையில் டிங்கி இல்லாமலே உருவிக்கொள்ளலாம். கட்டுவதற்கு முன் இயந்திரத்தைப் பின்னோக்கிப் போட்டு நங்கூரம் கடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

இயந்திரம் நின்றுபோவது பெரும்பாலும் கடல் கொந்தளிக்கும்போதுதான். காரணம் எளிது: டீசல் தொட்டியின் அடியில் ஆண்டுக்கணக்காகப் படிந்த கசடு, அலையில் படகு குலுங்கும்போது மேலே கலங்கி வடிகட்டியை அடைக்கிறது. கிளம்புமுன் தொட்டியைச் சுத்தம் செய்யுங்கள். வடிகட்டி குறைந்தது நான்கு, நீரேற்றியின் உள்ளே சுழலும் இம்பெல்லர் இரண்டு, பெல்ட் ஒன்று கூடுதலாக வைத்து, இருவருமே மாற்றப் பழகுங்கள். மணிக்கு 3 லிட்டர் என்று கொண்டால் 55 மணி நேர ஓட்டத்துக்கு 165 லிட்டர். வழியில் நிரப்ப இடமுண்டு, ஆனாலும் தொட்டியில் மூன்றிலொரு பங்குக்குக் கீழே போகவிடாதீர்கள். கெல்ப் பாசி கண்ட இடத்தில் கீழே பாறை இருக்கிறது என்று கொள்ளுங்கள். அதன் இலை நீர் உறிஞ்சும் துளையையும் அடைக்கும். வெப்பமானி ஏறினால் முதலில் அங்கே பாருங்கள். மிதக்கும் மரங்களும் உண்டு. செங்குத்தாக ஊறி நின்று, தலையை மட்டும் நீர்மட்டத்தில் காட்டும் கட்டை மிக மோசமானது. இரவில் ஓடாதீர்கள் என்பதற்கு அது ஒன்றே போதும்.

ஆகஸ்டில் மூடுபனி வரும். குளிர்ந்த நீரின் மேல் ஈரக்காற்று வந்து படிவதால் குயின் சார்லட் ஜலசந்தியில் விடியற்காலைகள் வெள்ளையாக இருக்கும். பத்து பதினொரு மணிக்கு விலகும், விலகியதும் காற்று எழும். அமைதியான நேரமும் கண் தெரியாத நேரமும் ஒன்றாக வருவதால் ரேடார் இல்லாமல் இந்தப் பகுதிக்கு வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கப்பல்கள் தம் இருப்பிடத்தை ஒலிபரப்பும் ஏ.ஐ.எஸ். பெரிய கப்பலைக் காட்டும். மரத்தையும் சிறு மீன்பிடிப் படகையும் காட்டாது. ஒரு நீண்ட ஊதலை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஊதுங்கள். பாயில் மட்டும் போனால் ஒரு நீளம், இரண்டு குறுகல். இழுவைப் படகைக் கண்டால் அதன் பின்னே வெகு தூரத்தில் தெப்பம் இருக்கும், நடுவே கம்பி நீருக்குள் கிடக்கும். இரண்டுக்கும் இடையே ஒருபோதும் புகாதீர்கள்.

இரண்டு பேர் மட்டுமே என்பது எங்கே உறைக்கும் என்றால், ஒருவர் நீரில் விழும்போது. ஜான்ஸ்டனில் கோடையிலும் நீர் 10 டிகிரி அளவுதான். விழுந்தவருக்கு மூச்சு அடங்க ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணி நேரம் என்பது இங்கே எல்லோரும் மனதில் வைக்கும் கணக்கு. அந்தப் பத்து நிமிடத்துக்குள், படகில் தனியாக இருப்பவர் பாயை இறக்கி, திரும்பி வந்து, நனைந்த உடையோடு கனக்கும் ஒருவரை ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டும். வெறுங்கையால் முடியாது. அக்குளுக்கடியில் மாட்டித் தூக்கும் மிதவை ஒன்றும், பாய் ஏற்றும் கயிற்றை வின்ச் என்ற கைச்சுழற்றியில் சுற்றித் தூக்கும் பழக்கமும் வேண்டும். வான்கூவரிலேயே, வெதுவெதுப்பான நாளில், இருவரும் மாற்றி மாற்றி நீரில் இறங்கி ஒத்திகை பாருங்கள். எடை குறைந்தவர் மற்றவரைத் தூக்க முடிகிறதா என்பதுதான் தேர்வு. முடியாவிட்டால் நான்கு மடங்குக் கப்பி வாங்குங்கள். மேல்தளத்தில் எப்போதும் மிதவைச் சட்டை. தனியாகக் காவல் இருக்கும்போது இடுப்புக் கயிறும். பெரும்பாலான இன்லெட்டுகளில் கைப்பேசி எடுக்காது. வி.எச்.எஃப். கடல் வானொலியின் 16ஆம் அலைவரிசையில் உதவி கேட்கும் வாசகத்தை எழுதி வானொலிக்கு அருகே ஒட்டிவையுங்கள். அதை இருவருமே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

பிராட்டனில் வெள்ளையாக ஒளிரும் கரைகளைப் பார்ப்பீர்கள். அது மணலல்ல, பல நூற்றாண்டுகளாக மக்கள் தின்றுபோட்ட மட்டி ஓடுகள், பழைய ஊர்களின் அடையாளம். குவாகுவாக்கவாக் மக்களின் நிலம் அது. தோண்டுவதோ எதையும் எடுப்பதோ கூடாது, சட்டமும் தடுக்கிறது. அலெர்ட் பேயில் உமிஸ்டா பண்பாட்டு மையத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். பரிசுகளை வாரி வழங்கும் அவர்களது பொட்லாட்ச் விழா 1951 வரை தடை செய்யப்பட்டிருந்தது. 1921இல் நடந்த ஒரு விழாவுக்காகப் பறிமுதல் செய்யப்பட்ட முகமூடிகளை அந்த மக்கள் போராடி மீட்டு அங்கே வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தபின் இந்தத் தீவுகளை ஆளில்லாக் காடு என்று நினைக்க மாட்டீர்கள். மட்டி பொறுக்கித் தின்னும் ஆசை வந்தால், அந்தப் பகுதி அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று மீன்வளத் துறை அறிவிப்பைப் பார்க்காமல் தொடாதீர்கள். சிவப்பு ஓதம் எனப்படும் நுண்பாசிப் பெருக்கால் மட்டியில் சேரும் நச்சு சமைத்தாலும் போகாது, மூச்சை நிறுத்தும். நண்டில் அந்தச் சிக்கல் குறைவு, ஆனால் குடலை நீக்கிவிட வேண்டும். உரிமம் எடுத்து, டஞ்சனெஸ் ஆண் நண்டு, ஓட்டின் அகலம் 165 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் மட்டும் வையுங்கள்.

நாயைப் பற்றிக் கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. இந்தத் தீவுகளில் ஓநாய்கள் நீந்தித் தீவுக்குத் தீவு போகின்றன. நாயை அவை எதிரியாகவோ இரையாகவோதான் பார்க்கும். கரடியைக் கண்டு குரைத்துவிட்டு உங்களை நோக்கி ஓடிவரும் நாய், கரடியையும் கூட்டிக்கொண்டு வரும். விடியலிலும் அந்தியிலும் நாயைக் கரைக்குக் கொண்டுபோயாக வேண்டும். கரடி கரைக்கு வரும் நேரமும் அதுவே. யாரிடமும் விட்டுவர முடியாத நிலை என்றால், படகின் முன்தளத்தில் ஒரு செயற்கைப் புல் துண்டை விரித்து, அதிலேயே கழிக்க இப்போதிருந்தே பழக்குங்கள். இரண்டு மாதம் பிடிக்கும். கரையில் இறக்கினால் குட்டையான வாரோடு, மரமில்லாத சிறு பாறைத்தீவில் மட்டும் இறக்குங்கள். டிங்கியை விட்டு அகலாதீர்கள். கரடி விரட்டும் மிளகுத் தெளிப்பான் பையில் அல்ல, இடுப்பில் இருக்கட்டும்.